சொல்விழுங்கி

அந்த அம்மாள் பல்லுக்கு நிறம் பார்க்கத்தான் வந்திருந்தாள். கீழே பல் டாக்டர், மாடியில் டென்டல் லேப். புதிதாகக் கட்டும் பல், இருக்கிற பற்களோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமென்றால் டாக்டர் ஆளையே மாடிக்கு அனுப்பிவிடுவார். லேப்பில் வேலை பார்க்கும் பல்லழகி, நிறம் பார்ப்பதற்கான மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த அம்மாளின் உதட்டோரம் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லழகி என்று பேர் வைத்தது அவளுடைய அப்பா. சின்ன வயதில் அவளுடைய முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே வந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அதைக் கேலி செய்து வைத்த பேர். பிறகு பல் சீராகிவிட்டது, பேர்தான் ஒட்டிக்கொண்டது. லேப்பிலும் எல்லோருக்கும் அவள் பல்லழகிதான்.

யாரோ உள்ளேயிருந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, அந்தப் பல்லழகி நீங்கதானா! நான் பெரிய ஆஸ்பத்திரியில வார்டு ஆயாவா இருந்தேம்மா. உங்கப்பா என் வார்டுலதான் இருந்தாரு. பல் செட்டைக் கழட்டிக் கழட்டிக் காட்டுவாரு. 'பாரு, என் பொண்ணு செஞ்சது, முன்பல்லு நடுவுல இருந்த சந்தைக்கூட அப்படியே விட்டிருக்கா'ம்பாரு. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னா, பல்லைத்தான் நீட்டுவாரு."

பல்லழகி சிரித்தாள். அப்பா அப்படித்தான். பல் செட் கட்டும்போது முன்பற்களுக்கு நடுவிலிருந்த சந்தை அடைக்கவே விடவில்லை. "மேல போனா உங்கம்மா என்னை எப்படிக் கண்டுபிடிப்பா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க," என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாம். 'பல்லழகி கிளம்பிட்டாளா, ராத்திரி பஸ் ஏறியிருந்தாக்கூட இந்நேரம் வந்திருப்பாளே'ன்னு வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. உங்க அண்ணன், பாவம், அவர்தான் சமாளிச்சாரு. 'கூப்பிட்டேம்ப்பா, வேலையிருக்கு, வரமுடியாதுங்கிறா'ன்னாரு. அதுக்கப்புறம் உங்கப்பா கேட்கறதையே விட்டுட்டாரு."

பல்லழகியின் கை தன் பாட்டுக்கு நிறத்தைக் குறித்துக்கொண்டது. அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதுகூட அவளுக்கு வெகுநேரம் தோன்றவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வெளியூரில் இருந்தாள். லேப்புக்குப் புது மெஷின் வாங்கியிருந்தார்கள். அதைப் பழகிக்கொள்ள அனுப்பியிருந்தார்கள். தினமும் அண்ணனுக்குப் போன் போட்டாள். "சாதாரண சளிக்காய்ச்சல். நாளைக்கோ நாளான்னைக்கோ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ பாட்டுக்கு வேலையை முடிச்சிட்டு வா. இப்பத்தான் தூங்கினாரு, எழுப்ப வேணாம்," என்றான் அண்ணன். நம்பினாள். அவள் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஜனம். அண்ணன்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்று அழுதான். அவன் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். சொந்தக்காரர்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அப்பாவின் தங்கையான அத்தை ஏன் அன்றோடு பேச்சை நிறுத்தினாள் என்பதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. சமயத்துக்கு வராமல் போனது தன் தப்புதானே என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

இப்போது புரிந்தது. வயிறு பற்றி எரிந்தது.

நேரே போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம்தான். ஆனால் அண்ணன் நழுவுகிறவன். எதைக் கேட்டாலும் "நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே" என்று தேனொழுகப் பேசி, கடைசியில் கேட்டவளையே மன்னிப்புக் கேட்க வைத்துவிடுவான். அவன் எழுந்து போக முடியாத இடம் ஒன்று வேண்டும். அப்படி ஓர் இடம் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கதையாட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தாளில் ஒரு வீரனையோ வீராங்கனையையோ உண்டாக்கிக்கொள்வார்கள். அவர்கள் போகிற நாடும் கடலும், அங்கே வரும் பூதங்களும் மிருகங்களும் ஆட்டம் நடத்துகிறவளின் பொறுப்பு. யார் பிழைப்பார், யார் சாவார் என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். நடத்துகிறவள் பல்லழகி. ஆடுகிறவர்கள் மூன்று பேர். அண்ணன் லிப்ட் மெக்கானிக். அவனுடைய ஆள் இரும்புக்கையன், வருஷக்கணக்காக அடிபட்டு உதைபட்டுத் தளபதியாக உயர்ந்தவன். அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுடையது ஓசைப்படாமல் நடக்கும் ஒரு திருடி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அத்தைக்குக் கோடாரிச்சி என்ற ராட்சசி. அத்தைக்கு ரத்தம் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை முடியாது.

அத்தை பல்லழகியோடு பேசுவதில்லை, ஆனால் ஆட்டத்தை விடவும் மனசில்லை. ஆகவே எல்லாம் அண்ணி வழியாகத்தான். "அந்தக் கதவு பூட்டியிருக்கான்னு அவளைக் கேளு," என்பாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பல்லழகி, "பூட்டியிருக்குன்னு சொல்லுங்க அண்ணி," என்பாள். "அப்ப உடைக்கிறேன்னு சொல்லு," என்று அத்தை பகடையை உருட்டுவாள்.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்தபின் பல்லழகி லேப்பிலேயே தங்கி ஒரு கடல் மிருகத்தைச் செய்தாள். கம்பியை முறுக்கிக் கைகள். அதன்மேல் ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பசை. முதுகுக்குப் பிளாஸ்டர், அதில் மெழுகுக் கத்தியால் கீறிய செதில்கள். தலையணை அளவுக்கு வந்தது. கைகளின் நுனியெல்லாம் கழித்துப்போட்ட பற்களைப் பதித்தாள். கடைவாய்ப் பல், வேட்டைப் பல், நிறம் தப்பிப்போன பல். அருவருப்பாக, அழகாக இருந்தது.

வாய் மட்டும் சரியாக வரவில்லை. எந்தப் பல்லை வைத்தாலும் பொம்மையாகவே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அப்பாவின் கண்ணாடி, சீப்பு, பல் செட் எல்லாம் இருந்தன. அந்தப் பை அவளுடைய அலமாரியில்தான் இருந்தது. ஒரு நாள் பூராவும் மனசு வரவில்லை. மறுநாள், 'கேட்கறதையே விட்டுட்டாரு' என்று அந்த அம்மாள் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. போய் எடுத்து வந்தாள். மேல் செட், கீழ் செட் இரண்டையும் மெழுகில் பதித்தாள். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. நடுவில் அந்தச் சந்து. மிருகம் இப்போது சிரிப்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி தட்டுகளை ஒதுக்கி மேஜையைத் துடைத்தாள். பல்லழகி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணன் வழக்கம்போல உற்சாகமாக இருந்தான்.

"என்ன, இன்னைக்காவது உருப்படியா ஏதாவது கொண்டாந்திருக்கியா? போன வாரத்து பூதம் என் இடது கைக்குக்கூடக் காணலை."

"கொண்டாந்திருக்கேன் அண்ணா," என்றாள்.

கதையை ஆரம்பித்தாள். ஒரு துறைமுகம். அங்கே எல்லோரும் சேதிக்காகக் காத்திருக்கிறார்கள். போன கப்பல் திரும்பவில்லை, அனுப்பிய தூதர்கள் வரவில்லை. தாய் பிள்ளைக்குச் சொல்லியனுப்பியது, பிள்ளை தாய்க்குச் சொல்லியனுப்பியது எதுவுமே போய்ச் சேருவதில்லை. கடலில் ஒன்று இருக்கிறது. அது தூதர்களை மட்டும் தேடித் தின்கிறது. அதன் பேர் சொல்விழுங்கி. மூன்று பேரும் படகேறினார்கள். பாதிக் கடலில் தண்ணீர் பசை போலக் கெட்டியானது. அப்போது பல்லழகி பெட்டியைத் திறந்து மிருகத்தைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தாள். வாய் அத்தை பக்கம் தெரியாமல், அண்ணனைப் பார்த்து இருக்கும்படி வைத்தாள்.

"ஐயோ, கண்ணராவி!" என்றாள் அத்தை மகிழ்ச்சியோடு. "என் கோடாரியை எடுக்கிறேன்னு சொல்லு."

கோடாரி வழுக்கியது. திருடியின் கத்தி முறிந்தது. இரும்புக்கையன் பாய்ந்து ஒரு கையை வெட்டினான், வெட்டிய இடத்தில் இரண்டு முளைத்தன. மறைவில்லாமல் எல்லோர் கண்ணெதிரிலும் பகடையை உருட்டினாள் பல்லழகி. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரையும் சொல்விழுங்கி விழுங்கியது.

"அதோட வயித்துல ஆயுதம் வேலை செய்யாது, மந்திரமும் பலிக்காது," என்றாள். "வெளிய வர்றதுக்கு ஒரே வழிதான். யாரோ ஒருத்தர் உங்ககிட்ட இன்னொருத்தருக்குச் சொல்லச் சொல்லி, நீங்க சொல்லாம முழுங்கின ஒரு சொல். அதை வாய்விட்டுச் சொன்னா, அது வாயைத் திறக்கும்."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். ஆட்டத்துக்காக எதையாவது கட்டிவிட வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. "எங்க எதிர்வீட்டுக்காரன் சாகக் கிடந்தப்ப, 'நான் அவளை ரொம்பப் படுத்திட்டேன், அவகிட்ட சொல்லிடுங்க'ன்னான். நான் சொல்லலை. அவளை எனக்குப் பிடிக்காது. போதுமான்னு கேளு."

"போதும்னு சொல்லுங்க அண்ணி. கோடாரிச்சி வெளிய வந்துட்டா."

அண்ணி, தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில் அவளுக்கு ஒரு பையன் கொடுத்தனுப்பிய சேதியைத் தான் மறைத்ததைச் சொன்னாள். திருடியும் வெளியே வந்தாள்.

மிச்சம் இரும்புக்கையன்.

"எனக்கு அப்படி ஒண்ணுமில்லியே," என்று அண்ணன் சிரித்தான். "நான் எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிடற ஆளு. வேற ஏதாவது வழி வை."

"வேற வழி இல்ல. யோசிச்சுப் பாரு. உள்ள இருட்டா இருக்கு. முழுங்கின சொல்லெல்லாம் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு." அவள் மிருகத்தை இன்னும் ஒரு சாண் அவன் பக்கமாக நகர்த்தினாள். "ஒரு வயசானவர் குரல். 'பல்லழகி கிளம்பிட்டாளா? ராத்திரி பஸ் ஏறியிருந்தாக்கூட இந்நேரம் வந்திருப்பாளே.'"

அண்ணன் அப்போதுதான் அந்த வாயை நேராகப் பார்த்தான். முன்பற்களுக்கு நடுவிலிருந்த அந்தச் சந்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன பேச்சு?" என்றாள் அத்தை. மிருகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். குனிந்து பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இது எங்கண்ணன் பல்லு!" ஆத்திரத்தில் அண்ணியை மறந்துவிட்டு நேராகவே கேட்டாள். "செத்தவர் பல்லை எடுத்துப் பொம்மைக்கு வெச்சிருக்கியே, உனக்கு வெட்கமா இல்ல?"

"இல்ல அத்தை," என்றாள் பல்லழகி. கண்ணை அண்ணன்மேல் இருந்து எடுக்கவில்லை. "சொல்றியா அண்ணா? இல்ல அது உன்னைச் செரிக்க ஆரம்பிக்கட்டுமா?"

"செரிக்கட்டும்," என்றான் அண்ணன்.

அவள் செரிக்க வைத்தாள். அவசரமே இல்லாமல். முதலில் கேடயம், அப்புறம் கவசம். பனிமலையில் அவன் வாங்கிய வாள். பெயர் போன அந்த இரும்புக்கை, விரல் விரலாக. ஒவ்வொரு தடவையும் பகடையை உருட்டி, ஒவ்வொரு தடவையும் "சொல்றியா?" என்று கேட்டாள். அண்ணன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் அவனுடைய தாளை எடுத்து நாலாகக் கிழித்து, துண்டுகளை அப்பாவின் பற்களுக்கு நடுவில் செருகினாள்.

இத்தனை வருஷமாக வளர்த்த ஆள் செத்துப்போனான். அவளுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பென்சிலால் எழுதிய ஒருத்தனைக் கொன்றிருக்கிறோம், நிஜ ஆள் எதிரில் முழுசாக உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "எனக்குத் தலை வலிக்குது. நீங்க ஆடுங்க."

நழுவுகிறான். இங்கேயும் நழுவுகிறான்.

"உட்காரு," என்றாள். ஆட்டம் நடத்தும் குரல் போய்விட்டது. தொண்டையிலிருந்து வந்தது வேறு குரல். "வார்டு ஆயா லேப்புக்கு வந்தாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. அப்பா என்னைக் கேட்டிருக்காரு. திரும்பத் திரும்பக் கேட்டிருக்காரு. என்கிட்ட சளிக்காய்ச்சல்ன்னே. அவர்கிட்ட, நான் வரமுடியாதுன்னு சொன்னதாச் சொன்னே. அத்தைகிட்ட என்ன சொன்னே?"

அத்தைதான் பதில் சொன்னாள், மெதுவாக. "கூப்பிட்டும் வரலைன்னான்."

"இல்ல, நீ தப்பாப் புரிஞ்சு..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"என்னங்க," என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மேஜைமேல் கிடந்த பகடையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ வந்துட்டா அந்த ரூம்ல நான் இருக்கவே மாட்டேன். கட்டில் பக்கத்துலயே நின்னாலும் இருக்க மாட்டேன். சின்ன வயசுல இருந்து அப்படித்தானே. பல்லழகி, பல்லழகி. ஒரு ரெண்டு நாளாவது அவர் என்னைப் பார்த்துப் பேசட்டும்னு நினைச்சேன். செத்துப்போவாருன்னு நான் நினைக்கலை."

"செத்ததுக்கப்புறம்?"

"அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அதனால என் தலையில போட்டுட்டே." அவள் முன்னால் குனிந்தாள். "சரி, உன்னைப் பார்த்துப் பேசினாரா?"

கேட்கும்போதே அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் கேட்டாள்.

அண்ணன் இல்லையென்று தலையாட்டினான். "வாசலைத்தான் பார்த்தாரு."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பல்லழகி அழவில்லை. அவனுடைய போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"யார் யார்கிட்ட சொன்னியோ, எல்லார்கிட்டயும் நீயே சொல்லு. இப்பவே. ஸ்பீக்கர்ல போட்டு."

முதலில் சித்தப்பா. சித்தப்பாவுக்குக் காது மந்தம். அண்ணன் முணுமுணுத்தது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. "என்னடா, லிப்ட்டா? எந்த லிப்ட்டு?" என்றார். அண்ணன் சத்தத்தைக் கூட்டினான். "அப்பா கேட்டாரு சித்தப்பா, நான்தான் அவளைக் கூப்பிடலை!" "யாரைக் கூப்பிடலை? என்னையா?" கடைசியில் அவன் எழுந்து நின்று, கண்ணில் நீர் வழிய, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "அப்பா சாகறப்ப பல்லழகியைக் கேட்டாரு! நான் பொய் சொல்லிட்டேன்! அவ மேல தப்பே இல்ல!" எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

பல்லழகிக்கு அப்போதுதான் கொஞ்சம் குளிர்ந்தது. "அடுத்தது பெரியம்மா," என்றாள்.

பாதியில் அத்தை போனைப் பிடுங்கினாள். "மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன். இவன் சொன்னது நாலு பேர்கிட்ட. நான் பரப்பினது நாற்பது பேர்கிட்ட இருக்கும்." பஸ்ஸில் சில்லறை கேட்ட அதே குரலில், ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மிருகத்தின் வாயிலிருந்து பல் செட்டை நெம்பி எடுத்தாள். குழாயடியில் கழுவி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திருப்பித் தருவாள் என்று பல்லழகியும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றாள். மன்னிப்பா, தன்னையே திட்டிக்கொண்டதா என்று சொல்ல முடியாத குரல்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணன் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பல்லழகி அதைப் பார்த்தாள். பார்க்கப் பிடித்துமிருந்தது. பிடித்திருக்கிறதே என்று வெட்கப்படவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. மூன்று பெண்களும் ஆடினார்கள். அத்தை இப்போதும் பழக்கம் விடாமல் அண்ணி வழியாகவே பேசினாள். அண்ணன் உள்ளறையில் டிவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சண்டை உச்சத்துக்குப் போகும்போது மட்டும் டிவி சத்தம் குறையும்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அவனே ஒரு தாளோடு வந்து நின்றான். "படகோட்டி. புது ஆள். ஒண்ணும் தெரியாதவன்," என்றான்.

பல்லழகி தாளை வாங்கிப் பார்த்தாள். "நான் உன்னை மன்னிக்கலை," என்றாள்.

"தெரியும்."

"உட்காரு."

படகோட்டியை முதல் சுற்றிலேயே ஒரு நண்டு கொன்றது. உள்ளங்கை அளவு நண்டு. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரம் அவன் ஒரு சமையல்காரனோடு வந்தான். சமையல்காரன் படியில் வழுக்கி விழுந்து செத்தான். அதற்கடுத்தது ஒரு பாட்டுக்காரன். அவனைக் கொசு கடித்து முடித்தது. ஒவ்வொரு வாரமும் அண்ணன் புதுத் தாளோடு வருவான், சாவான், எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வருவான். ஒரு தடவையும் இது நியாயமில்லை என்று சொல்லவில்லை.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு?" என்று அண்ணி ஒரு நாள் அடுப்படியில் அவளைக் கேட்டாள்.

"தெரியலை அண்ணி. எனக்கு இன்னும் அலுக்கலை."

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கொண்டுவந்திருந்த விறகுவெட்டியைப் பெரிய அலையில் தள்ளிவிட்டாள் பல்லழகி. அவன் பிழைக்க வேண்டுமென்றால் பகடையில் இருபதுதான் விழ வேண்டும். வேறெதுவும் உதவாது. அண்ணன் உருட்டினான். பகடை டீ கிளாஸில் மோதி, சுற்றி, நின்றது. இருபது.

அண்ணன் கையை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. அவளைப் பார்த்தான். அத்தையும் அண்ணியும் அவளைப் பார்த்தார்கள். ஆட்டம் நடத்துகிறவள் நினைத்தால் இன்னொரு அலையைக் கொண்டுவரலாம். பல்லழகி அந்தப் பகடையைக் கொஞ்ச நேரம் எரிச்சலோடு முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கரையேறிட்டான்," என்றாள். "உடம்பெல்லாம் காயம். கையில கோடாரி இல்ல. அடுத்து யாரு? அத்தை, நீங்கதானே?"

"நான்தான்," என்று அத்தை அவளைப் பார்த்தே சொல்லிவிட்டுப் பகடையை எடுத்தாள்.